தோற்றவர்கள் தந்த பட்டம்

அமெரிக்காவின் மேற்குக் கரைக் கல்லூரிகள் தங்களுக்குள் விளையாடிக்கொள்ள 1915 டிசம்பரில் போர்ட்லண்ட் நகரில் ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், ஓரிகன் வேளாண் கல்லூரி என்று நான்கே உறுப்பினர்கள். அடுத்த ஆண்டு அமெரிக்கக் கால்பந்தில் முதல் பட்டம் வாஷிங்டனுக்குப் போனது. 2023 டிசம்பர் 1 அன்று லாஸ் வேகாஸில் ஓரிகனை 34–31 என்று வென்று, பழைய கூட்டமைப்பின் கடைசிக் கால்பந்துப் பட்டத்தையும் வாஷிங்டனே எடுத்துக்கொண்டது. இடையில் 107 ஆண்டுகள். பட்டியலின் முதல் வரியிலும் கடைசி வரியிலும் ஒரே பெயர்.

அந்த முதல் வரியைச் சற்று உற்றுப் பார்க்கலாம். 1916இலும் வாஷிங்டனுக்கு எதிரே நின்றது ஓரிகன்தான். யூஜீன் நகரில் இருவரும் மோதினார்கள், 0–0. அந்தப் பருவத்தில் இரு அணிகளும் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. கூட்டமைப்புக்குள் ஓர் ஆட்டம் கூடுதலாக வென்றிருந்த வாஷிங்டன் சாம்பியன் என்று எழுதப்பட்டது. பாசடீனாவின் ரோஸ் பவுல் ஆட்டத்துக்கு அழைக்கப்பட்டதோ ஓரிகன். அது பென்சில்வேனியாவை 14–0 என்று வென்று திரும்பியது. ஒரு பெயரை எழுதும்போது அதற்குச் சமமான இன்னொரு பெயரை எழுதாமல் விடவேண்டியிருக்கிறது. பட்டியல் பிறந்த நாளிலேயே அந்தக் கடன் தொடங்கிவிட்டது.

இன்று அந்த இருவருமே அங்கில்லை. 2022 ஜூனில் யூ.சி.எல்.ஏ.வும் யூ.எஸ்.சி.யும் பிக் டென் கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. மறு ஆண்டு கொலராடோ கிளம்பியது. 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள் விடைபெற்றன. செப்டம்பர் பிறந்ததும் ஸ்டான்ஃபோர்டும், கலிஃபோர்னியா என்று மேலே சொன்ன பெர்க்லியும் அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டமைப்பில் சேர்ந்தன, பசிஃபிக் காற்றைச் சுவாசித்துக்கொண்டே. பேக்-12 என்ற பெயரில் பன்னிரண்டு பேர் இருந்த வீட்டில் மிஞ்சியவர்கள் ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் இருவர் மட்டுமே. காரணம் ஊரறிந்தது: தொலைக்காட்சி உரிமைப் பணம். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பணத்துக்காக இடம்பெயர்ந்தவர்களைக் குறைசொல்லும் தகுதி நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? நம்மை நிற்கவைப்பது வேறு கேள்வி. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தேசியப் பட்டங்களைக் கணக்குக் காட்டி, 'சாம்பியன்களின் கூட்டமைப்பு' என்று தன்னை அழைத்துக்கொண்ட அமைப்பு அது. வென்றவர்களில் பெரும்பாலோர் எழுந்து போய்விட்டார்கள். அந்த வெற்றிகள் இப்போது எங்கே இருக்கின்றன?

சட்டம் தன் பங்குக்கு ஒரு விடை சொன்னது. விட்மன் கவுண்டி நீதிமன்றம் 2023 நவம்பரில் நிர்வாகக் குழுவை எஞ்சிய இருவரிடமும் ஒப்படைத்தது. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் டிசம்பரில் அதில் தலையிட மறுத்தது. பெயர், சொத்து, கடன், வழக்கு எல்லாம் அந்த இருவர் தலையில். கணக்கு வைப்பவர்கள் வேறொரு விடை வைத்திருக்கிறார்கள். வென்ற கல்லூரி எங்கே போனாலும் பட்டம் அதனோடு போகும். வென்ற நாளில் அது எந்தக் கூட்டமைப்பில் இருந்ததோ அந்தக் கூட்டமைப்பின் கணக்கிலும் நிற்கும். ஒரே வெற்றிக்கு இரண்டு பேரேடுகளில் வரவு. இரண்டும் சரிதான். ஆனாலும், பாகப் பிரிவினையில் எல்லாவற்றையும் எழுதி முடித்த பிறகும் எழுதப்படாத ஏதோ ஒன்று வீட்டில் தங்கிவிடுவதைப் போல, இந்த இரண்டு ஏடுகளுக்கும் வெளியே ஒன்று நிற்கிறது. அதைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

ஜான் வுடனை எடுத்துக்கொள்வோம். 1948இல் யூ.சி.எல்.ஏ.வின் கூடைப்பந்துப் பயிற்சியாளராக வந்தவர், முதல் பதினைந்து பருவங்களில் தேசியப் பட்டத்தைத் தொடவில்லை. பிறகு 1964 முதல் 1975 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து முறை தொட்டார். அவற்றில் 1967 முதல் 1973 வரை ஏழும் அடுத்தடுத்து. தொடர்ந்து 88 ஆட்டங்களில் தோல்வியே இல்லை. இந்த எண்களைக் கேட்கிறவருக்கு, எதிரே ஆளே இல்லாத களத்தில் ஒருவர் தனியாக ஓடிக்கொண்டிருந்தார் என்று தோன்றக்கூடும்.

அதே லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில், சில மைல்கள் தள்ளி, யூ.எஸ்.சி. இருந்தது. 1971 பருவத்தில் அது ஆடியவை 26 ஆட்டங்கள். வென்றவை 24. தோற்றவை இரண்டு, இரண்டும் யூ.சி.எல்.ஏ.விடம். அன்றைய விதிப்படி ஒரு கூட்டமைப்பிலிருந்து அதன் சாம்பியன் ஒருவர் மட்டுமே தேசியப் போட்டிக்குப் போக முடியும். நாட்டின் தலைசிறந்த அணிகளுள் ஒன்று, அந்த மார்ச் மாதம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் மீண்டும் தேசியப் பட்டம் வெல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது. 1975இல் விதி தளர்ந்தது. 1971இன் ஆட்டக்காரர்களுக்கு அதனால் பயன் ஏதுமில்லை. அவர்களுக்கென்று பதாகை எந்த அரங்கிலும் தொங்காது. ஆயினும் வுடனின் அந்த ஆண்டுப் பட்டம் எத்தகையது என்று நாளை ஒருவர் கேட்டால், பட்டத்தைக் காட்டி விடைசொல்ல முடியாது. அந்த 24–2ஐக் காட்டித்தான் சொல்ல வேண்டும். மற்ற அனைவரையும் வென்ற ஒருவர், இவரிடம் மட்டும் இரண்டு முறையும் தோற்றார். வுடனின் உயரத்துக்குச் சான்று சொல்வது தோற்றுப்போன அந்த அணியின் நேர்த்தி.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1974 ஜனவரி 19 அன்று நோட்டர் டேம் 71–70 என்று வென்று அந்த 88ஐ முடித்துவைத்தது. உலகம் அதைத்தான் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அடுத்த மாதம், ஒரே வார இறுதியில், கார்வாலிஸில் ஓரிகன் ஸ்டேட்டும் மறுநாள் யூஜீனில் ஓரிகனும் யூ.சி.எல்.ஏ.வைத் தோற்கடித்தன. கூட்டமைப்புக்குள் ஐம்பது ஆட்டங்களாக நீண்டிருந்த வெற்றிச் சங்கிலி கார்வாலிஸில் அறுந்தது. வெளியூரார் ஒருவர் வந்து வென்றுபோவது ஒரு வகை. ஆண்டுக்கு இருமுறை எதிரே நின்று, ஆண்டுக்கு இருமுறை தோற்று, உங்கள் அசைவுகளையெல்லாம் தோல்வியின் வழியே கற்றுக்கொண்ட ஒருவர் ஒருநாள் வெல்வது முற்றிலும் வேறு வகை. முன்னதில் திறமை தெரிகிறது. பின்னதில் உறவும் சேர்ந்து தெரிகிறது.

உறவு என்ற சொல்லைத் தற்செயலாக எழுதவில்லை. உறையூரை முற்றுகையிட்டிருந்த நலங்கிள்ளிக்கும், உள்ளே அடைத்துக்கொண்டிருந்த நெடுங்கிள்ளிக்கும் நடுவே நின்று கோவூர் கிழார் பேசியதைப் புறநானூறு படித்தவர்கள் அறிவார்கள். எதிரே நிற்பவனும் சோழன்தான், இருவரில் எவர் தோற்றாலும் தோற்பது ஒரே குடி என்பது அவருடைய வாதம். போரைப் பொறுத்தவரை அந்த வாதத்துக்கு மறுமொழி கிடையாது. விளையாட்டுக் கூட்டமைப்பு என்பது அதே உண்மையை மறுபக்கமிருந்து கண்டுபிடித்திருக்கிறது. இங்கும் எவர் தோற்றாலும் தோற்பது ஒரே குடிதான். ஆனால் அந்தத் தோல்வியால் குடி அழிவதில்லை, அந்தத் தோல்வியால்தான் குடி உண்டாகிறது. ஏனெனில் போரில் தோற்றவன் மறு ஆண்டு வருவதில்லை. ஆட்டத்தில் தோற்றவன் வருகிறான், வருவேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, நாள் குறித்து, தன் ஊரில் ஒருமுறையும் உன் ஊரில் ஒருமுறையும் என்று முறைவைத்து வருகிறான். அந்த ஒப்புதலுக்குப் பெயர்தான் கூட்டமைப்பு. மற்றவையெல்லாம், தலைமையகம், சின்னம், ஒளிபரப்பு எல்லாம், அதன்மேல் போர்த்திய துணி.

வெற்றியைவிடத் தோல்வி உறுதியான பொருள் என்று சொன்னால் நமக்கு வியப்பாக இருக்கும். ஒரு வினோதமான விதியைப் பாருங்கள். 2005 ஜனவரியில் ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் யூ.எஸ்.சி. ஓக்லஹோமாவை 55–19 என்று நொறுக்கித் தேசியப் பட்டம் வென்றது. பின்னர், நட்சத்திர வீரர் ரெஜி புஷ் விதிக்குப் புறம்பாகப் பலன்கள் பெற்றார் என்று முடிவாகி, 2010இல் தண்டனை வந்தது. 2011இல் பட்டமும் ரத்தானது. சிறந்த கல்லூரிக் கால்பந்து வீரருக்கென்று பெற்று, புஷ் திருப்பிக் கொடுத்த ஹைஸ்மன் விருது 2024இல் அவரிடமே திரும்பியது; பட்டம் திரும்பவில்லை. இதில் நாம் கவனிக்கத் தக்கது ஒன்றுண்டு. வென்றவரின் வெற்றி அழிக்கப்பட்டது. ஆனால் அதனால் ஓக்லஹோமா வென்றதாக ஆகிவிடவில்லை, தோற்றவரின் தோல்வி ஏட்டில் அப்படியே நிற்கிறது. வென்றவரே இல்லாத ஆட்டத்தில் ஒருவர் தோற்றிருக்கிறார். தருக்கத்துக்கு இது முரண். அனுபவத்துக்கு இது முரணே அல்ல. ஏனென்றால் வெற்றி என்பது ஒருவருக்கு வழங்கப்படுவது, வழங்கியதைத் திரும்பப் பெறலாம். தோல்வியோ ஒருவர் தம் உடம்பிலும் மனத்திலும் பட்டு அறிந்தது, அதை எந்தக் குழுவும் கூடித் தீர்மானம் போட்டு இல்லாமல் செய்ய முடியாது.

பட்டம் என்ற ஏடு யாரை விடுகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. 1941இல் மேற்குக் கரையின் சாம்பியன் ஓரிகன் ஸ்டேட். 1942 ஜனவரி 1 ரோஸ் பவுலுக்கு அவர்கள் பாசடீனா போக வேண்டும். டிசம்பர் 7 அன்று பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. பசிஃபிக் கரையில் பெருங்கூட்டம் கூடக்கூடாது என்பதால் ஆட்டமே நாட்டின் மறுகோடிக்கு, வட கரோலினாவின் டர்ஹம் நகரில் இருந்த டியூக் பல்கலைக்கழகத் திடலுக்கு மாற்றப்பட்டது. ஓரிகன் ஸ்டேட் டியூக்கை 20–16 என்று வென்றது. அந்த அணியில் ஜாக் யோஷிஹாரா என்ற மாணவர் இருந்தார். ஜப்பானில் பிறந்தவர் என்பதற்காக அவர் பயணம் செய்யத் தடை விதிக்கப்பட்டது. தோழர்கள் ரயிலேறினார்கள், அவர் நின்றுவிட்டார். சில மாதங்களில் முகாமுக்குள் அடைக்கப்பட்டார். பல்லாண்டுகள் கழித்துப் பல்கலைக்கழகம் அவரைத் தேடிப்பிடித்து வெற்றி மோதிரத்தையும், 2008இல் கௌரவப் பட்டத்தையும் கொடுத்தது. 20–16 என்ற எண்ணில் அவர் இருக்கிறாரா, இல்லையா? வென்ற அணியில் இருந்தும் வெற்றியில் இடமில்லாமல் போன ஒருவரை எந்தப் பத்தியில் எழுதுவது?

அதே ஆட்டத்தின் மறுபுறத்தையும் சொல்லிவிட வேண்டும். டியூக் அணியின் சார்ல்ஸ் ஹெய்ன்ஸ் பின்னர் இத்தாலியப் போர்முனையில் படுகாயமுற்றுக் கிடந்தபோது, அவரைக் கண்டெடுத்துத் தூக்கி வந்தவர்களில் ஒருவர் ஓரிகன் ஸ்டேட்டுக்கு ஆடிய ஃப்ராங்க் பார்க்கர். இருவரும் வாழ்வில் ஒரே ஒரு நாள் ஒருவரையொருவர் வீழ்த்த முயன்றவர்கள். இதற்கு மேல் விளக்கம் தேவையா என்று தெரியவில்லை.

பெண்களின் கணக்கு இன்னும் மெலிந்தது. யூ.சி.எல்.ஏ.வின் பெண்கள் 1978இல், ஆன் மையர்ஸ் ஆட, தங்கள் சொந்த அரங்கான பாலியில் மேரிலண்டை வென்று தேசியக் கூடைப்பந்துச் சாம்பியன் ஆனார்கள். ஆனால் அன்று பெண்களுக்கான போட்டிகளை நடத்தியது அவர்களுக்கென்று இருந்த தனிச் சங்கம். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. பெண்களுக்குப் பட்டம் வைத்ததே 1981–82 பருவத்தில்தான். அந்தத் தனிச் சங்கமும் அதன்பின் நிலைக்கவில்லை. எனவே என்.சி.ஏ.ஏ. பட்டங்களை எண்ணும்போது 1978 அதில் சேராது. ஆடினார்கள், வென்றார்கள், பார்த்தவர்கள் பார்த்தார்கள். ஏடு மட்டும் இன்னும் திறக்கப்படவில்லை. இதே கூட்டமைப்பின் இரண்டு அணிகள், ஸ்டான்ஃபோர்டும் அரிசோனாவும், 2021இல் பெண்களுக்கான தேசிய இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே நின்று 54–53 என்று முடித்த இரவை நினைத்தால், திறக்கத் தாமதமான அந்த ஏட்டில் எத்தனை பக்கங்கள் எழுதப்படாமல் போயின என்ற ஆதங்கம் எழுகிறது. ஸ்டான்ஃபோர்டை அந்த வெற்றிக்கு நடத்திச் சென்ற டாரா வான்டர்வீர், கூட்டமைப்பு கலைந்த அதே 2024இல் ஓய்வு பெற்றார்.

கலைவது இதற்குப் புதிதும் அல்ல. 1950களின் நடுவில், ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்த விவகாரம் வெடித்து, பழைய பசிஃபிக் கடற்கரைக் கூட்டமைப்பு 1959இல் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. கலிஃபோர்னியாவின் நான்கும் வாஷிங்டனும் சேர்ந்து புதிய சங்கம் கண்டன. வெளியே விடப்பட்டவர்கள் யார் தெரியுமா? ஓரிகன், ஓரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட், ஐடஹோ. வாஷிங்டன் ஸ்டேட்டை 1962இலும், ஓரிகனையும் ஓரிகன் ஸ்டேட்டையும் 1964இலும் உள்ளே அழைத்தார்கள். ஐடஹோவை அழைக்கவேயில்லை. ஆனால் புதிய சங்கம், தான் கலைத்த பழைய அமைப்பின் வரலாறு முழுவதையும் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டது. 1922, 1923 இரு ஆண்டுகளின் கூடைப்பந்துப் பட்டங்களுக்கு நேரே ஐடஹோ என்ற பெயர் இன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆளை வெளியே நிறுத்திவிட்டு அவர் வென்றதை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளும் இந்தச் சாமர்த்தியத்தை நாம் கல்லூரிகளிடம் மட்டுமா பார்க்கிறோம்? எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் தம் பெருமையைத் தொகுத்திருக்கின்றன.

2024 இலையுதிர் காலத்தில் மிஞ்சிய இருவரும் கார்வாலிஸில் மோதினார்கள். ஓரிகன் ஸ்டேட் 41–38 என்று வென்றது. கூட்டமைப்பின் மற்ற உறுப்பினர் ஒவ்வொருவரையும் வென்றுவிட்ட அணி அது, மற்ற உறுப்பினர்தான் ஒருவரே. அதைச் சாம்பியன் என்று எவரும் அழைக்கவில்லை. சட்டப்படி பெயர் இருக்கிறது, சின்னம் இருக்கிறது, நூறாண்டு ஏடும் கையில் இருக்கிறது. ஆனால் ஒருவரை மட்டும் வென்று பட்டம் சூட முடியாது என்பதை எல்லோரும் சொல்லாமலே அறிந்திருந்தார்கள். இந்தக் கூட்டமைப்பைத் தொலைக்காட்சியில் ஓயாமல் புகழ்ந்துகொண்டிருந்தவர், வுடனின் மாணவரான பில் வால்டன். 'சாம்பியன்களின் கூட்டமைப்பு' என்ற தொடரைக் கேட்டுச் சலித்தவர்கள்கூட அவர் வாயால் கேட்கும்போது சிரித்தார்கள். அவர் அந்த ஆண்டு மே 27 அன்று காலமானார். பத்து உறுப்பினர்கள் முறைப்படி வெளியேறச் சில வாரங்களே இருந்தன. காலம் சிலருக்கு இரக்கம் காட்டுகிறது.

இங்கே நாம் தேடிவந்த பொருளுக்கு அருகில் வந்துவிட்டோம். வெற்றிக்குச் சாட்சி வேண்டும். வென்றவர் தாமே சொல்வது தற்பெருமை. பார்த்தவர் சொல்வது ஆரவாரம், அது அடுத்த ஆட்டத்தில் வேறொருவருக்குப் போய்விடும். மறுப்பதற்கு எல்லாக் காரணமும் உடையவர், மறுத்தால் தமக்கு ஆறுதல் கிடைக்கக்கூடியவர், அப்படியிருந்தும் மறுக்காமல் ஒப்புக்கொள்கிறவர் ஒருவரே, அவர் தோற்றவர். அவர் வாயால் ஒப்புவதுகூடப் பெரிதல்ல. அடுத்த பருவத்தில் அவர் திரும்பி வருவதில்தான் அந்த ஒப்புதல் முழுமை பெறுகிறது. சென்ற ஆண்டு நடந்தது நியாயமாகவே நடந்தது, நீ வென்றது வெல்லத் தக்க ஒன்றை, அதை உன்னிடமிருந்து வாங்கிக்கொள்வதற்காகவே நான் ஓராண்டு உழைத்து வந்திருக்கிறேன் என்று, ஒரு சொல்லும் சொல்லாமல், களத்தில் வந்து நிற்பதாலேயே அவர் சொல்லிவிடுகிறார். அப்படி வந்து நின்றவர்களின் தொடர்ச்சியைத்தான் நாம் வரலாறு என்கிறோம். பட்டியலில் உள்ள பெயர்கள் அந்தத் தொடர்ச்சியின் மேல் ஆண்டுக்கு ஒன்றாக நட்ட அடையாளங்கள் மட்டுமே. ஆகவே ஒரு கூட்டமைப்பு கலையும்போது வெற்றிகள் தொலைவதில்லை. அவை ஏட்டிலும் அரங்கிலும் பத்திரமாகவே இருக்கின்றன. கலைந்து போவது சாட்சிகள், திரும்பி வருவதாக ஒப்புக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் ஆளுக்கொரு திசையில் போனபின் பட்டம் பட்டமாகவே இருந்தும், அதன் கனத்தைத் தோளில் உணர்ந்தவர் அருகில் இல்லாத காரணத்தால், மெல்ல மெல்ல வெறும் தகவலாகிறது.

நம் வாழ்வும் இதிலிருந்து வெகுதூரம் இல்லை. ஒரே தேர்வை எழுதியவர்கள், ஒரே அலுவலகத்தில் ஒரே பதவிக்குக் காத்திருந்தவர்கள், ஒரே மேடைக்குப் பாடிப் பழகியவர்கள், இவர்களிடையே நாம் பெற்றதும் இழந்ததும்தான் நம்மை இன்னார் என்று ஆக்கின. பெரிய களமும் பெரிய ஊதியமும் அழைக்கும்போது நாம் போகிறோம், போவதில் குற்றமில்லை. சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு போகலாம். அவற்றை நமக்குத் தரவேண்டியிருந்தவர்களை எடுத்துக்கொண்டு போக வழியில்லை. புதிய ஊரில் அந்தச் சான்றிதழைக் காட்டும்போது அங்குள்ளவர்கள் மரியாதையோடு தலையசைப்பார்கள், அந்தத் தலையசைப்பில் எது இல்லை என்பது நமக்கு மட்டும் தெரியும்.

புதிய ஊரிலும் நாளடைவில் உறவு முளைக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. என்.சி.ஏ.ஏ.வின் முதல் கூடைப்பந்துப் பட்டத்தை 1939இல் ஓரிகன் வென்றபோது தோற்றது ஒஹையோ ஸ்டேட். இன்று இருவரும் ஒரே பிக் டென் கூட்டமைப்பில். 2024 அக்டோபரில் கால்பந்தில் ஓரிகன் 32–31 என்று வென்றது. டிசம்பரில், சேர்ந்த முதல் ஆண்டிலேயே, பிக் டென் பட்டமும் வென்றது. 2025 ஜனவரி 1 அன்று ஒஹையோ ஸ்டேட் 41–21 என்று கணக்குத் தீர்த்தது. நடந்த இடம் ரோஸ் பவுல். பசிஃபிக் கரையின் சாம்பியனும் பிக் டென் சாம்பியனும் சந்திப்பதென்று 1947 முதல் மரபாக இருந்த திடல். அன்று எதிரெதிரே நின்ற இருவருமே பிக் டென். எழுபது எண்பது ஆண்டுகள் இப்படியே சந்தித்துக்கொண்டிருந்தால் இதுவும் ஒரு குடியாகிவிடும். எழுபது எண்பது ஆண்டுகள் காத்திருக்கும் பொறுமை ஒளிபரப்பு ஒப்பந்தங்களுக்கு உண்டா என்பதே ஐயம். அவை ஏழெட்டு ஆண்டுகளில் முடிந்துவிடுகின்றன. மேற்கே, போய்ஸி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் முதலிய சிலர் 2026 ஜூலையில் பேக்-12இல் சேர ஒப்புக்கொண்டார்கள். 1915இலிருந்து தொடங்கும் ஏடு அவர்களுக்கும் உரிமையாகும். அதில் உள்ள எந்தத் தோல்வியும் அவர்களுடையதல்ல.

வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன் ஊரிலிருந்து ஐடஹோ பல்கலைக்கழகம் இருக்கும் மாஸ்கோ ஊருக்கு (ரஷ்யாவின் மாஸ்கோ அல்ல, கோதுமை வயல்களுக்கு நடுவே உள்ள சிற்றூர்) ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இரண்டுக்கும் இடையே மாநில எல்லை. 1938 முதல் 1968 வரை அங்கே ஒரு வழக்கம் இருந்தது: கால்பந்து ஆட்டத்தில் தோற்ற கல்லூரியின் மாணவர்கள் தங்கள் வளாகத்திலிருந்து வென்றவர்களின் வளாகம்வரை நடந்தே போக வேண்டும். பெரும்பாலும் நடந்தவர்கள் ஐடஹோ மாணவர்கள். 1925க்குப் பிறகு ஐடஹோ வெல்லவேயில்லை. 1954இல் வென்றது. அன்று வாஷிங்டன் ஸ்டேட் மாணவர்கள் பெருங்கூட்டமாகக் கிளம்பி, எல்லை தாண்டி, மாஸ்கோவுக்கு நடந்தார்கள். ஐந்தாண்டுகளில் கூட்டமைப்பு கலைந்தது. கலைந்த பிறகும் ஒன்பது ஆண்டுகள் அந்த வழக்கம் தாக்குப்பிடித்தது, அதை நடத்த ஒரு கூட்டமைப்பும் தேவைப்படவில்லை என்பதால். லாஸ் ஏஞ்சலிஸ் மாணவர்கள் இன்று அதே பிக் டென்னில் உள்ள நியூ ஜெர்ஸியின் ரட்கர்ஸிடம் தோற்றால் நடக்க வேண்டிய தூரம் 4,000 கிலோமீட்டருக்கு மேல். ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு பிரிவு சேர்க்க எவருக்கும் தோன்றியிருக்காது.